குளியல் தொட்டியில் மஞ்சள்

ஓஸ்த்ராவாவில் ஜனவரி ஞாயிறு,
காலை பத்து மணிக்கும் விளக்கு கேட்கிறது வீடு.
லுபோர் குளியலறைக் கதவின் அடியில்
ஈரத்துண்டை முறுக்கிச் செருகுகிறான்.
கழிப்பறை மூடியின் மேல்
ஜெர்மன் அகராதி, இரண்டு பாகமும்.
கண்ணாடியோரம், பற்பசை தெறித்த காகிதத்தில்
பிராக் மருத்துவமனையின் எண்.
அவன் பெட்டியின் பூட்டைத் தொடுமுன்
நான் அதைப் பாராமல் சொல்ல வேண்டும்.
சொல்கிறேன்.
என் அம்மாவின் எண்கூட எனக்கு மனப்பாடமில்லை.

தொட்டிக்குள் ஓர் ஆப்பிள் கிளை,
தண்டவாளத்தோரம் வெட்டி வந்து
பூச்சி சாக அடுப்பில் வைத்து எடுத்தது.
பின்னால் தொங்கும் கறுப்பு வெல்வெட்
கல்யாணத்துக்கு முன்னால் நான் உடுத்திய பாவாடை.
வெளிச்சத்தின் கூர்மையை மழுக்க
ரொட்டி சுடும் தாள், அட்டைச் சட்டத்தில் ஒட்டியது.
மொத்த ஸ்டூடியோவுக்கும் நூறு கொருனா ஆகவில்லை.
லென்ஸின் விலையை நான் கேட்பதில்லை.

பிறகு, அது.
அவள் என்று சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.
கொக்கியின் நுனியில் ஒரு முழம் மஞ்சள்
யோசித்து யோசித்துக் கிளைக்கு இறங்குகிறது.
கண்ணுக்கு மேலே நிமிர்ந்த செதில்கள்,
விருந்துக்குக் கிளம்பியவளின் இமைகள்.
கோஸ்டாரிகாவை அவள் பார்த்ததே இல்லை.
பிறந்தது டார்ட்மண்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்.
பெயர் மிலாடா.
விஷப்பாம்புக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பான் லுபோர்.
வைத்தது அவன்தான்.

கொக்கி என் பொறுப்பு.
வாரம் ஐந்து நாள் டிராம் ஓட்டுகிறவள் நான்,
யார் ஏறினார், யார் இன்னும் இறங்கவில்லை என்று
கண்ணாடியில் பார்த்தே பழகியவள்.
லென்ஸுக்குள் கண்ணை வைத்தவனுக்குத்
தூரம் செத்துவிடும்.
அவனுக்கும் சேர்த்து நான்தான் தூரம்.
"முழங்கை" என்பேன்.
உடனே பின்வாங்குவான்.
பதினோரு வருடத்தில்
மறுபேச்சில்லாமல் அவன் கேட்கிற ஒரே சொல்.

நாக்கு வெளியே வந்த படம் வேண்டுமாம் அவனுக்கு.
நூற்று நாற்பது படங்கள்.
பாதி நாக்கு. புகையான நாக்கு.
நாக்கு போன பிறகான வாய்,
எதையும் சொல்லாத வாய்.
அவள் எங்கும் போகவில்லை, எதையும் கடிக்கவில்லை,
ஒவ்வொரு மின்னலுக்கும்
இமைத்தது நாங்கள் மட்டும்தான்.

அழைப்புமணி.
கீழ்வீட்டு ஹ்ருஷ்கோவா அம்மாள்.
"ஞாயிறானால் உங்கள் குளியலறையில் மின்னலடிக்கிறது,
காற்றுக்குழாய் வழியாக எனக்குத் தெரிகிறது!"
வாசலுக்கு வெளியிலிருந்தே கத்துகிறாள்.
லுபோர் கதவுப் பக்கம் திரும்பிவிட்டான்.
நான் திரும்பவில்லை.
அப்போதுதான் வந்தது,
கறுப்பு, இரண்டாய்ப் பிரிந்து, அவசரமே இல்லாமல்
மேலே போய், கீழே வந்து,
மணிச்சத்தத்தின் மிச்சத்தைக்
காற்றில் நக்கிப் பார்த்துவிட்டு
உள்ளே போனது.
படம் இல்லை.
வந்ததா என்றான்.
இல்லை என்றேன், ஏனோ.

மிலாடா பெட்டிக்குள். பூட்டு. மேல்பூட்டு.
சமையலறையில் லுபோர்
அவளுடைய கண்ணைத் திரையளவு பெரிதாக்குகிறான்.
நெட்டுக்குத்தான கருவிழிப் பிளவுக்குப் பக்கத்தில்
வெள்ளைச் சதுரமாய் ரொட்டித்தாள்,
அதற்குக் கீழே கடுகளவு ஒரு நிழல்,
கோணலாய் ஒரு கோடு பிடித்துக்கொண்டு.
"பிரதிபலிப்பு. அழித்துவிடலாம்" என்கிறான்.
அது நான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.
அவன் காப்பி ஊற்றப் போனபோது
அழிக்காத படத்தை என் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டேன்.

மாலையில் நான் குளிக்க வேண்டும்.
தொட்டியில் ஆப்பிள் பட்டை ஒரு துணுக்கு,
துடைத்தெறிந்தேன். வெந்நீர் திறந்தேன்.
இரண்டு பூட்டையும் என் கையால்தான் பூட்டினேன்.
இருந்தும்
காலைத் தூக்கிவிட்டு, உள்ளே வைக்குமுன்,
ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.